காற்றுக்கு அடித்த மருந்து

என் மகளுக்கு அப்போது ஏழு வயது. ஆஸ்துமாவுக்குத் தினமும் இரண்டு வேளை இழுக்கச் சொல்லி ஒரு பம்ப் கொடுத்திருந்தார்கள். அதில் ஸ்டீராய்டு இருப்பது தெரிந்ததும் பயந்துவிட்டேன். முகம் ஊதிவிடும், ஆயுசுக்கும் விடாது, பெண் பிள்ளையை நாளைக்கு யார் கட்டுவார்கள் என்று, விருத்தாசலத்தில் நான் பிசிறு சீவும் வேலை பார்க்கும் செராமிக் பொம்மைப் பட்டறையில் ஆளுக்கொன்று சொன்னார்கள். யார் எது சொன்னாலும் நம்புகிற ஜென்மம் நான். நிறுத்திவிட்டேன்.

ஆனால் துபாயில் இருக்கும் என் வீட்டுக்காரர் விடமாட்டார். இன்னும் எத்தனை முறை அடிக்கலாம் என்று பம்பின் முதுகில் எண் தெரியும். வீடியோ காலில் தினமும் அதைக் காட்டச் சொல்வார். அதனால் இரண்டு வேளையும் ஜன்னல் பக்கம் திரும்பிக் காற்றில் அடித்துவிடுவேன். மகள் பார்த்துக்கொண்டுதான் இருப்பாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கெட்டிக்காரி நான்.

மார்கழிப் பனியில் ஒருநாள் காலை, ஸ்கூலுக்குக் கிளம்பியவள் கட்டிலைப் பிடித்துக் குனிந்து நின்றுவிட்டாள். மூச்சுக்கு மூச்சு கழுத்துக்குழி உள்ளே போனது. உதடு நீலம். அவளையும் பம்பையும் தூக்கிக்கொண்டு ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்கு ஓடினேன்.

ஆக்ஸிஜனும் நெபுலைசரும் வைத்தும் இழுப்பு அடங்கவில்லை. "டெய்லி பம்ப் குடுக்கிறீங்களா?" என்றார் டாக்டரம்மா.

நான் வாய் திறக்குமுன், ஆட்டோவிலிருந்தே நான் கூப்பிட்டிருந்த வீட்டுக்காரர் என் கையிலிருந்த போனில் சொன்னார்: "ஒரு நாள் கூட தவறல டாக்டரம்மா. நானே நம்பரு பாத்துக்கிட்டுதான் இருக்கேன்."

டாக்டரம்மா பம்பைத் திருப்பிப் பார்த்தார். எண் சரியாக இருந்தது. டாக்டரம்மாவின் முகம் மாறிவிட்டது. "ஒழுங்கா மருந்து போயும் இப்படின்னா, நரம்புல மருந்து ஏத்தணும் சிஸ்டர். அதுக்கு இங்க வசதியில்ல, கடலூருக்கு ஆம்புலன்ஸ் வண்டி சொல்லுங்க."

கடலூருக்கு ஒன்றரை மணி நேரமாவது ஆகும். வழியில் மூச்சு நின்றுவிட்டால்? முகமூடிக்கு மேலே அவள் கண்கள் என்னையே பார்த்தன. அவளுக்குத் தெரியும். ஆனாலும் என்னைக் காட்டிக்கொடுக்க மாட்டாள். அது புரிந்ததும் நான் சொல்லிவிட்டேன்:

"குடுக்கல டாக்டரம்மா. ரெண்டு மாசமா காத்துலதான் அடிச்சேன்."

என்னைத் திட்டக்கூட டாக்டரம்மாவுக்கு நேரமில்லை. "அப்ப இது மருந்துக்கு அடங்காத இழுப்பு இல்ல, ஸ்டீராய்டே உள்ள போகல. ஸ்டீராய்டு சிரப்பு குடுங்க, நெபுலைசர்ல மூச்சுக்குழாய விரிக்கிற ரெண்டு மருந்தையும் சேத்துத் திரும்ப வைங்க. ஒரு மணி நேரம் பாப்போம். வண்டி வாசல்லயே நிக்கட்டும்."

எந்தப் பெயருக்குப் பயந்தேனோ, அந்த மருந்தையே என் கையால் அவள் வாயில் ஊற்றினேன். துப்பிவிடுவாளோ என்று இருந்தது. விழுங்கினாள். அந்த ஒரு மணி நேரமும் அவள் விலாவைத் தவிர நான் எதையும் பார்க்கவில்லை. மெல்ல மெல்லத்தான் அடங்கியது. வண்டி காலியாகத் திரும்பிப் போனது.

இப்போது ஒரு வேளையும் தவறுவதில்லை. வீட்டுக்காரர் பம்பின் எண்ணைக் கேட்பதில்லை. ஆனால் நான் பம்பை எடுத்ததும் மகள் உடனே வாயைத் திறக்கமாட்டாள். என் முகத்தைப் பார்ப்பாள்.

"இன்னிக்கி எனக்குத்தானம்மா?"