டச்சுக்காரப் பணியாரம்

அந்த டிசம்பரில் எனக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். தின்றது வயிற்றில் தங்க வேண்டும். அப்போது மூன்று மாதம். மசக்கை என்று லேசாகச் சொல்லிவிடலாம்; எனக்குக் காலையில் குடித்த தண்ணீர்கூட எதுக்களித்துக்கொண்டு வந்தது. வெள்ளிக்கிழமை டாக்டரம்மா எடை பார்த்துவிட்டு, திங்கட்கிழமைக்குள் இன்னும் ஒரு கிலோ குறைந்தால் அட்மிட் செய்து டிரிப் ஏற்ற வேண்டியதுதான் என்று சொல்லிவிட்டார். டிரிப் நல்லதுக்குத்தான், எனக்கும் தெரியும். ஆனால் அந்த வார்டும் எனக்குத் தெரியும். முந்தைய வருடம் அங்கே போய்ப் படுத்து, வெறும் வயிறாகத் திரும்பி வந்தவள் நான். இந்தத் தடவை அங்கே காலை வைக்கமாட்டேன், சாமி சத்தியமாக மாட்டேன் என்று முடிவு கட்டிவிட்டேன்.

அதனால்தான் சனிக்கிழமை கிறிஸ்துமஸ் சந்தைக்குப் போனோம். பாயிண்ட் குக்கில் எங்கள் வீட்டிலிருந்து காரில் பத்து நிமிடம், ஒரு பள்ளிக்கூட மைதானத்தில் போட்டிருந்தார்கள். "உலகத்துல உள்ள சாப்பாடெல்லாம் அங்க இருக்கும்மா. ஏதாவது ஒண்ணு உனக்கு ஒத்துக்காமலா போயிரும்?" என்றார் வீட்டுக்காரர். பாவம், மனுஷன் வாரக்கணக்கில் விதவிதமாக ரசம் வைத்துத் தோற்றுப்போயிருந்தார்.

இந்த ஊரில் டிசம்பர்தான் கோடை; வெயில் மண்டையைப் பிளந்தது. கிறிஸ்துமஸ் தாத்தா வேஷம் போட்டவர் தாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, பாட்டில் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டிருந்தார். நாங்கள் கடை கடையாக ஏறி இறங்கினோம். சாசேஜ் சுடும் இடத்துக்குப் பத்தடி முன்னாலேயே குமட்டியது. துருக்கிக்காரர்களின் கீரை ரொட்டி நன்றாகத்தான் இருந்தது, சீஸ் வாடை மூக்கில் ஏறும்வரை. நூடுல்ஸ் கடையை எட்டிப் பார்த்ததோடு சரி. வீட்டுக்காரர் ஒரு பிளாஸ்டிக் பையை விரித்துப் பிடித்தபடியே என் பின்னால் வந்தார். எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன.

"போதும்மா, வீட்டுக்குப் போயிரலாம்."

"நீங்க வேணா போங்க. நான் இன்னைக்குச் சாப்பிட்டுட்டுத்தான் வருவேன்."

அப்போதுதான் அந்தக் கல்லைப் பார்த்தேன். ஒரு வெள்ளைக்கார அம்மா வட்டமான இரும்புக் கல் முன்னால் நின்றிருந்தார். கல் முழுக்கக் குழி. குழிக்குள் மாவை ஊற்றுகிறார், கொஞ்சம் பொறுத்துக் குச்சியால் ஒரு குத்து, ஒரு திருப்பு.

"ஏங்க! பணியாரங்க!" நான் போட்ட சத்தத்தில் வரிசையே திரும்பிப் பார்த்தது.

"பணியாரம் இல்லைம்மா. டச்சுக்காரங்க பலகாரமாம், போர்டுல போட்டிருக்கு பாரு."

"போர்டுல என்னமும் போட்டிருக்கட்டும். கல்லு நம்ம கல்லு."

வரிசையில் நின்று முன்னால் போனால், கெட்டது குடி! வெந்து வந்த உருண்டைகளின் மேல் அந்த அம்மா வெண்ணெயை அப்பி, மாவுச் சர்க்கரையைக் கொட்டுகிறார். உருகிய வெண்ணெய் வாடையில் எனக்குத் தலை சுற்றியது. மூக்கைப் பொத்திக்கொண்டு, வெண்ணெய் வேண்டாம், சர்க்கரை வேண்டாம், எண்ணெய் தடவி வெறும் மாவை ஊற்றித் தாருங்கள் என்று கேட்டேன். அப்புறம் அதில் என்ன ருசி இருக்கும் என்றார். ருசி வேண்டாம், இரண்டு மாதமாக எதுவும் உள்ளே நிற்கவில்லை என்று வயிற்றைத் தொட்டுக் காட்டினேன். அவர் உடனே கல்லில் ஓரமாக எட்டுக் குழியைத் துடைத்து, எண்ணெய் விட்டு, எனக்கென்று ஊற்றினார். பின்னால் யாரோ முணுமுணுத்ததற்கு ஓர் அதட்டலும் போட்டார். வாயும் வயிறுமாக இருப்பவள் கேட்டு இல்லை என்று சொல்லக்கூடாது என்பது டச்சுக்காரர்களுக்கும் தெரியும்போல.

கைப்பையைத் திறந்து இட்லிப் பொடி டப்பாவை எடுத்தேன்.

"இதையுமா தூக்கிட்டு வந்தே?"

"பின்னே, கைப்பைல லிப்ஸ்டிக்கா வெச்சிருப்பாங்க?"

மாவில் லேசான இனிப்பு, புளிப்பே இல்லை. பணியாரம் இல்லைதான், ஒத்துக்கொள்கிறேன். பொடியில் புரட்டிப் புரட்டி எட்டையும் தின்றேன்.

அதற்குப் பிறகுதான் உண்மையான கண்டம். தின்றது பத்து நிமிடத்துக்குள் திரும்பி வருவதுதான் வழக்கம். நடந்தால் தெரியாது என்று கைவினைக் கடைகள் பக்கம் போனோம், அவர் பையோடு, நான் வாயை இறுக்கிக்கொண்டு. ஒரு மேசையில் பருத்தி நூலில் பின்னிய குழந்தைத் தொப்பிகளை அடுக்கியிருந்தார்கள். பின்னியவர் ஒரு யாழ்ப்பாணத்து ஆன்ட்டி. நான் மேசை விளிம்பைப் பிடித்து நின்றதைப் பார்த்ததுமே அவருக்குப் புரிந்துவிட்டது.

"இருங்கோ பிள்ளை. எத்தினை மாதம்?" என்று தன் நாற்காலியை என் பக்கம் தள்ளினார்.

உட்கார்ந்தேன். பத்து நிமிடம் போனது. இருபது போனது. அரைமணி நேரமும் ஆனது. வயிறு சும்மா இருந்தது. வீட்டுக்காரர் பையை நான்காக மடித்துப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டார். கண் கலங்கியிருந்ததற்கு வெயில் என்று சாக்குச் சொன்னார். எனக்கும் சந்தோஷம் தாங்கவில்லை.

அதே சந்தோஷத்தில் மனுஷன் ஒரு மஞ்சள் தொப்பியை எடுத்துக்கொண்டு பர்ஸையும் திறந்துவிட்டார். கையில் ஓர் அடி வைத்தேன்.

"பிறக்கிறதுக்கு முன்னாடி பிள்ளைக்கு ஒண்ணும் வாங்கக் கூடாது. போன வருஷம் வாங்கினது பத்தாதா?"

அவர் முகம் சுருங்கிவிட்டது. அப்போது வாங்கிய அந்தச் சின்னச் சாக்ஸை அலமாரியில் எங்கே ஒளித்து வைத்திருக்கிறார் என்று எனக்குத் தெரியும். தெரியாத மாதிரி இருந்துவந்தேன்.

"ஓம் தம்பி, எங்கட ஆக்களும் முந்தி வாங்கமாட்டினம். வையுங்கோ," என்றார் ஆன்ட்டி.

வீட்டுக்காரர் தொப்பியைத் திரும்ப வைத்தார். எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. மீதி ஆறு மாதத்தையும் இப்படிப் பயந்து பயந்தா ஓட்டப்போகிறேன்?

"ஆன்ட்டி, அடுத்த கிறிஸ்துமஸுக்கும் கடை போடுவீங்களா?"

"முழங்கால் விட்டால் போடுவன். ஏன் பிள்ளை?"

"ஜூன்ல பிறந்தா அப்ப ஆறு மாசம் ஆயிருக்கும். அந்த அளவுல ஒண்ணு பின்னி வைங்க. தலையை நான் கொண்டு வர்றேன்."