விண்கலத்துக்கு வைத்த சந்தனம்

எங்களோடு இருந்த சித்தப்பா சுவிஸில், சோலோதுர்ன் நகரத்தில் ஒரு கண்காட்சிக் கூடத்தில் துப்புரவு வேலை செய்தார். அந்த வேலை இருந்தால்தான் யாழ்ப்பாணத்திலிருந்து சித்தியை இங்கே கூப்பிட முடியும். அது வீட்டில் எல்லோருக்கும் தெரியும், ஏழு வயதுக்காரியான எனக்குத் தெரியாது. எனக்குச் சித்தி என்றால் ஞாயிற்றுக்கிழமைகளில் தொலைபேசியில் வரும் ஒரு குரல். சித்தியின் விசாக் கடிதம் வந்ததா என்று சித்தப்பா தினமும் தபால்பெட்டியைத் திறந்து பார்ப்பார். வெறுமையாக இருந்தாலும் கையை விட்டுத் துழாவுவார்.

இலையுதிர்கால விடுமுறையில் என்னையும் வேலைக்குக் கூட்டிப்போனார். அங்கே, ஒருவர் மட்டுமே உட்கார்ந்து போகக்கூடிய அந்தக் காலத்து விண்கலத்தின் மாதிரி ஒன்று இரவலாக வந்திருந்தது. அதன் உடம்பில் அங்கங்கே சின்னத் துளைகள்.

"இதுக்குள்ளாலை ஆவி சீறும், இடியப்பப் பானையிலை வாற மாதிரி. அதுதான் கலத்தைத் திருப்பும்" என்றார் சித்தப்பா. "சரியான பக்கம் திரும்பேல்லையெண்டால் உள்ளுக்கை இருக்கிறவர் வீடு வந்து சேரமாட்டார்."

சொல்லிவிட்டு ஒரு துளையின் விளிம்பைத் தன் சட்டை நுனியால் மெல்லத் துடைத்தார். முன்பின் தெரியாத விண்வெளிக்காரர் மேல் இவருக்கு இவ்வளவு பாசமா என்று எனக்கு ஆச்சரியம்.

விஜயதசமியன்று, தொழில் செய்யும் கருவியென்று, கூடத்தில் நிலம் கழுவும் மெஷினுக்குச் சந்தனப் பொட்டு வைத்துக் கும்பிட்டார். எனக்கு அது பெரிய அநியாயமாகப் பட்டது. மெஷினுக்கே பொட்டென்றால், ஒரு மனிதரை வீட்டுக்குக் கொண்டுவரும் துளைகளுக்கு வேண்டாமா? அவர் மறுபக்கம் போனதும் மிச்சச் சந்தனத்தை எனக்கு எட்டிய துளைகளிலெல்லாம் அப்பினேன். அடைத்துவிட்டால் ஆவி எப்படி வரும் என்று யோசிக்க என் பக்தி இடம் கொடுக்கவில்லை.

கூடத்துப் பொறுப்பாளர் வந்து கத்தினார். சித்தப்பா என்னைப் பின்னால் தள்ளிவிட்டு, தனக்குத் தெரிந்த டொச்சில், அந்த அரைகுறை ஜெர்மன் மொழியில், தான்தான் பூசியதாகச் சொன்னார். இனி வேலைக்கு வரவேண்டாம் என்று அனுப்பிவிட்டார்கள். ரயிலில் அவர் என்னை ஏசவேயில்லை. ஏசியிருக்கலாம். 

ஞாயிற்றுக்கிழமை தொலைபேசி அடித்தது. அவரை முந்திக்கொண்டு ஓடி எடுத்தேன்.

"சித்தி, சித்தப்பாவுக்கு இனி வேலை இல்லை! ஒவ்வொரு நாளும் என்னோடை விளையாடுவார்!"

சித்தி "என்ன சொன்னனீ?" என்று கேட்க, இன்னும் சத்தமாகச் சொன்னேன். 

"நல்லது குஞ்சு" என்றார் சித்தி. "சித்தப்பாவிட்டை ஒருக்கால் குடு."

ரிசீவரை நீட்டினேன். பின்னால் நின்ற சித்தப்பா அதை வாங்கவில்லை. சித்தியோடு கதைக்க அவருக்கு வெட்கம் என்று நினைத்து, நான் விழுந்து விழுந்து சிரித்தேன்.