மரம் நட்ட சேமக்காலை

கல்முனைக்குப் பக்கத்தில் எங்களுக்கு அளந்து தந்த வளவுக்கு நாலு பக்கமும் கிடுகு வேலி. ஒரு வேலிக்கு அப்பால் தறிச் சத்தம், மற்ற வேலிக்கு அப்பால் கருவாட்டு மணம். அம்மா வாசலில் நின்று மேற்கே பார்ப்பாள், வேலிதான் தெரியும். மூச்சு முட்டுது என்பாள். எனக்கும்தான் முட்டியது. ஆனால் நான் கோபக்காரி, அழ வராது, சட்டி பானையைத்தான் போட்டு உடைப்பேன்.

மேற்கே காட்டோரம் எங்கள் ஊர் இருந்தது. ஒரு மண்கோயில், அதைச் சுற்றிக் கொஞ்சக் குடும்பங்கள். அந்தக் காடு முழுவதும் இனி தேசியப் பூங்கா, மிருகங்களுக்கு மட்டும் என்று அரசாங்கக் கந்தோரிலிருந்து வந்து சொன்னார்கள். யானைக்கு இடம் இருக்கிறது, வேதக்காரருக்கு இல்லை. கோயில் மணியையும் மாதா சுரூபத்தையும் வண்டியில் ஏற்றினோம். தம்பியை ஏற்ற முடியவில்லை. காய்ச்சலில் செத்துப்போன அவனைச் சேமக்காலையில் புதைத்திருந்தோம்.

எங்கள் சேமக்காலையில் சிலுவை கிடையாது. நட்டால் கறையான் தின்றுவிடும். மிஞ்சியதை யானை பிடுங்கிப் போடும். அதனால் ஆள் செத்தால் தலைமாட்டில் ஒரு கொன்றைக் கன்று வைப்போம். அந்த மரத்தில் ஒரு கொப்புக்கூட முறிப்பதில்லை, அடியில் கூட்டுவதில்லை. மண்மேடு தானாகத் தாழ்ந்து புல் மூடும். மரம்தான் ஆள். தம்பியின் கன்றுக்கு அம்மா ஓடையிலிருந்து தண்ணீர் சுமந்து ஊற்றி, இடுப்பளவுக்கு வளர்த்துவிட்டாள்.

ஊரை விடுமுன் கந்தோர் ஐயா ஒருவர் வந்தார். நல்ல மனிதர், பொய் சொல்லக்கூடாது. சேமக்காலை இருந்தால் காட்டுங்கள், வருஷத்தில் ஒரு நாள் உள்ளே வர அனுமதி வாங்கித் தருகிறேன் என்றார். அப்பாதான் கூட்டிப்போனார். அப்பாவுக்கு எத்தனை பெருமை! மரங்களுக்கு நடுவில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றார்.

"இதுதான் ஐயா. பாட்டன் காலத்திலயிருந்து ஒரு கொப்புக்கூட நாங்க முறிச்சதில்ல."

ஐயா சுற்றிச் சுற்றிப் பார்த்தார். கல்லறை எங்கே, சிலுவை எங்கே என்று கேட்டார். அப்பா ஒவ்வொரு மரமாகத் தொட்டு, இது எங்கட பெரியப்பா, இது மூத்த மாமி என்று சொன்னார். இதைச் சேமக்காலை என்று நான் எப்படிச் சொல்வது, இது காடு என்றார் அவர். அதோடு சரி.

அந்த வருஷம் மரித்த ஆத்துமாக்களின் நாளுக்கு, அம்மா மடியில் மெழுகுதிரிகளைக் கட்டிக்கொண்டு என்னையும் கூட்டிக்கொண்டு புறப்பட்டாள். பஸ்ஸில் பாதித் தூரம், மழையில் நடந்து மீதித் தூரம். தடியைக் குறுக்கே போட்டு வழியை மறித்திருந்தார்கள். காவல்காரப் பொடியன் அம்மாவைப் பார்த்து முகம் வாடினான். கல்லறை இருந்தால் காட்டுங்கள் அம்மா, விடுகிறேன் என்றான். அம்மா தூரத்தில் தெரிந்த மரங்களைக் காட்டினாள். அவன் முடியாது என்று தலையை ஆட்டினான். சரி, இந்த இடத்திலேயே கொளுத்துகிறேன் என்று அவள் குந்தினாள். காட்டுக்குள் நெருப்பு வைக்கக்கூடாதாம். பெய்கிற மழைக்குள், பாருங்கள்! கடவுள் வரம் கொடுத்தாலும் பூசாரி இடம் கொடுக்கமாட்டான் என்பது சும்மாவா? நான் அவனை வாய்க்கு வந்தபடி ஏசினேன். அம்மா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு திரும்பி நடந்தாள்.

பிறகு வளவுக்குள் ஒரு கொன்றைக் கன்று வைத்துப் பார்த்தாள். கடற்கரை மணலில் அது கருகிப் போனது. தறி நெய்யும் பக்கத்து வீட்டு உம்மா வேலிக்கு மேலால் அதைப் பார்த்துக் கதை கேட்டாள். அம்மா எல்லாவற்றையும் சொன்னாள்.

"கபுறடியில ஒரு மீசான் கட்டையாவது நட்டிரிக்கலாமே, புள்ள," என்றாள் அவள். தங்கள் மையவாடியில் தலைமாட்டில் நடுகிற கட்டையைத்தான் சொன்னாள். குத்திக்காட்டவில்லை, கண் கலங்கித்தான் சொன்னாள்.

அம்மா கருகிய கன்றைப் பிடுங்கி வேலியோரம் போட்டாள். கை மண்ணைத் தட்டிவிட்டு என்னைப் பார்த்தாள்.

"நான் செத்தா என்ட தலமாட்டில மரம் வெச்சிராத, மகள். கல்லு வை. மரத்தக் கண்டா காடெண்டு பூட்டிப் போடுவானுகள்."

அப்போது அவளுக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை.