ஊசியைத் தடுத்த அப்பா

எங்கள் அப்பா பிறந்தது பனவடலிசத்திரத்தில். சிறு வயதிலேயே தந்தையை இழந்தவர். சங்கரன்கோவில் பக்கத்துச் செவக்காட்டுச் செம்மண்ணில் மானாவாரி வெள்ளாமை செய்து தம்பிமாரைக் கரையேற்றினார். மழை பொய்த்த வருடங்களில் நித்தியகல்யாணி போட்டார். அதன் இலையும் வேரும் மருந்து செய்ய வெளிநாட்டுக்குப் போகும் என்பது மட்டுமே எங்களுக்குத் தெரியும்.

எழுபதுகளின் கடைசியில், நான்கு வயதுத் தங்கையின் வயிற்றில் கட்டி கண்டது. நரம்பிலிருந்து கிளம்பிய புற்றுநோய் என்றார் மதுரை டாக்டர். வாரம் ஓர் ஊசி. அந்த மருந்து நித்தியகல்யாணியிலிருந்து எடுப்பது என்று அவர் சொன்னதும் அப்பாவின் முகம் மாறியது.

மூன்றாவது ஊசிக்கு முந்தின நாள், அப்பா அம்மியில் அந்த இலையை அரைப்பதைப் பார்த்துவிட்டேன். எனக்குப் பத்து வயது.

"அம்மாட்ட சொல்லாத மக்கா. ஊசியில சொட்டு மருந்துதான இருக்கு? நம்ம காட்டுல காடா நிக்கி. பிள்ள சீக்கிரம் எந்திரிச்சிருவா."

அரைத் தம்ளர் சாறு. தங்கை முகம் சுளித்துக் குடித்தாள்.

மறுநாள் மதுரை போய்ச் சேரும்வரை பஸ்ஸில் வாந்தி. அப்புறம் கண்ணே திறக்கவில்லை. நோய் முற்றிவிட்டதென்று அம்மா அழுதார். டாக்டர் பக்கத்தில் நிற்க, நர்ஸம்மா ஊசியில் மருந்தை ஏற்றினார். நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்தார். தங்கையின் கையைப் பஞ்சால் துடைத்தார்கள்.

"போடாதீய சார்!" அப்பா குறுக்கே கை நீட்டினார். "நேத்து அந்த இலைய அரைச்சு நாந்தான் குடுத்தேன்."

"என்ன சொல்லுதீய?" என்றபடி அம்மா தங்கையின் கையைத் தம் பக்கம் இழுத்துக்கொண்டார்.

டாக்டர் ஊசியை வாங்கித் தட்டில் வைத்தார். "அந்தச் செடியில பல விஷம் இருக்கு. ஒண்ண மட்டும் பிரிச்சு, பிள்ளையோட எடைக்கு அளந்து போடுறோம். இதுவும் சேர்ந்திருந்தா தாங்கியிருக்க மாட்டா. சொன்னீங்களே, அது போதும்."

நான்கு நாள் குளுக்கோஸ் ஏறியது. அம்மா அப்பாவோடு பேசவில்லை. அப்பா சோறு தொடவில்லை. ஐந்தாம் நாள் காலையில் தங்கை தண்ணீர் கேட்டாள். பிறகு ஊசிகள் தொடர்ந்தன. கட்டி சுருங்கியதும் அறுவை செய்து எடுத்தார்கள்.

அதன்பின் வைத்தியத்துக்கு இலை கேட்டு யார் வந்தாலும், அப்பா தம் தவற்றைச் சொல்லியே திருப்பி அனுப்பினார். இந்த அஞ்சலியில் பெருமைக்குரியதை மட்டும் எழுதச் சொன்னார்கள் உறவினர்கள். எனக்கு அவருடைய பெரிய பெருமை இதுதான்.

கடைசி மாதங்களில் அப்பாவைக் குழந்தைபோல் பார்த்துக்கொண்டவர்களுக்கும், துக்கத்தில் தோள் தந்த ஊராருக்கும், பெயர் மறந்துபோன அந்த மதுரை டாக்டருக்கும் நர்ஸம்மாவுக்கும் எங்கள் குடும்பத்தின் வணக்கம். அப்பாவின் உயிர் பிரிந்தபோது அவர் தலை தங்கையின் மடியில் இருந்தது.