இறக்கைக்குள் இருந்தவள்

நான் வேலைக்கு நின்று பார்த்துக்கொள்ளும் இத்தாலியக் கிழவி, எங்கள் சிஞ்ஞோராவுக்குத் தொண்ணூறு தாண்டி எத்தனையோ வருடம். பலெர்மோ நகரில் பொலிதேயாமா தியேட்டருக்குப் பின்னால் நாலாம் மாடியில் இருக்கிறோம். காதோடு வாய் வைத்துக் கத்தினால்தான் அவருக்குக் கேட்கும். யுத்த காலத்தில் சிறு பெண்ணாக விமானத் தொழிற்சாலையில் தகடுகளை இணைக்கும் தறையாணி அடித்ததில் போன காது.

அந்த வேலைக்கு இரண்டு பேர் வேண்டுமாம். ஒருத்தி வெளியே நின்று இறக்கைத் தகட்டில் ஆணி அடிப்பாள். மற்றவள் இறக்கைக்குள் புகுந்து இரும்புக் கட்டையால் முட்டுக் கொடுப்பாள். இரைச்சலில் பேச முடியாது, அதனால் உள்ளே இருப்பவள் தட்டுவாள். ஒரு தட்டு என்றால் சரி, இரண்டு என்றால் இன்னும் அடி. சிஞ்ஞோரா வெளியே தகட்டில் உள்ளங்கையை வைத்து அந்தத் தட்டுக்குக் காத்திருப்பாராம். குண்டு விழுந்து தொழிற்சாலை மூடிய பிறகு உள்ளே இருந்தவளை அவர் காணவேயில்லை, இப்போது பெயரும் மறந்துபோயிற்று. சாகமுதல் ஒரு தடவை பார்க்க வேண்டும், அவ்வளவுதான் அவர் கேட்டது.

எல்லாரும் செத்தாயிற்று என்று அவருடைய மகன் ஒரே பேச்சில் முடித்துவிட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தேடிப் பார்க்காமலே சாகடிக்க இவர் யார்? பலெர்மோவின் வயோதிபரை அவர்கள் பெற்ற பிள்ளைகளைவிட இலங்கையிலிருந்து வேலைக்கு வந்த எங்கள் ஆட்களுக்குத்தான் தெரியும். குளிப்பாட்டுவது நாங்கள்தானே. எங்கள் கோயிலில் விசாரித்தேன். நான் சைவம், இருந்தாலும் ஞாயிறு பூசை முடியும் நேரம் பார்த்து மாதா கோயில் வாசலிலும் போய் நின்றேன். அந்தத் தொழிற்சாலையில் வேலை செய்ததாகக் கேள்விப்பட்ட ஆட்களெல்லாம் போய்ச் சேர்ந்திருந்தார்கள். உயிரோடு இருந்த ஒருவருக்குத் தன் பெயரே நினைவில்லை. எனக்கு வெறுத்துப்போனது.

பிறகு பல்லரோச் சந்தையில் மீன் வாங்கும்போது ஒரு மன்னார்ப் பெண் தன் வேலைவீட்டுக் கதை சொன்னாள்.

"எங்கட கிழவி இப்ப கதைக்கிறேல்லை அக்கா. சாப்பாடு தீத்தேக்கை மேசையிலை தட்டும். ஒண்டு தட்டினாக் காணும். ரெண்டு தட்டினா இன்னும் வேணும்."

"அவ முந்தி என்ன வேலை செய்தவ?"

"பிளேன் செய்யிற இடத்திலையாம். இறக்கைக்குள்ளை பூந்து."

எத்தனை பெண்கள் அப்படிப் புகுந்திருப்பார்களோ, எனக்கென்னவோ அவளேதான் என்று பட்டது. சிஞ்ஞோராவை ஞாயிற்றுக்கிழமை அங்கே கூட்டிவருகிறேன் என்றேன். கேட்டதும் சிஞ்ஞோரா அழவில்லை. தலைமயிர் வெட்ட ஆள் கூப்பிடச் சொன்னார்.

சனிக்கிழமை காலை போன் வந்தது.

"அக்கா, கிழவிக்குக் கொஞ்சம் கடுமையா இருக்கு."

எங்களில் சாவை யாரும் போனில் நேரே சொல்வதில்லை. கடுமை என்றால் முடிந்துவிட்டது, கேட்பவருக்கு விளங்கும். நானும் அந்தப் பழக்கத்தில், அவளுக்குக் கொஞ்சம் கடுமை என்று சிஞ்ஞோராவின் காதில் இத்தாலியனில் கத்தினேன். இனி அழுவார், பிடித்துக்கொள்ள வேண்டும் என்று பக்கத்திலேயே நின்றேன்.

"அப்படியென்றால் நாளைவரை ஏன் காத்திருக்க வேண்டும்? இப்பவே போவோம்" என்று அவர் எழும்பி உதட்டுச்சாயத்தைத் தேடினார்.

அப்போதாவது உடைத்துச் சொல்லியிருக்கலாம். டாக்சிக்குப் போன் செய்தேன். டாக்சியில் முழு வழியும் அவர் கைப்பையை மடியில் வைத்துச் சிரித்த முகத்தோடு இருந்தார். 

அந்த வீட்டு அறைக்குள் சவப்பெட்டி திறந்திருந்தது, சுற்றிவர மெழுகுதிரி. சிஞ்ஞோரா அவளுடைய முகத்தைக் கொஞ்ச நேரம்தான் பார்த்தார். பிறகு விரலை மடக்கிப் பெட்டியின் பக்கப் பலகையில் ஒருதரம் தட்டினார். அந்த இடத்தில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றார்.

ஆட்கள் வந்தார்கள், போனார்கள். இனி உள்ளேயிருந்து தட்டு வராது என்று செத்தவீட்டில் அவர் காதுக்குள் நான் எப்படிக் கத்துவது? அவர் கையை எடுக்கவேயில்லை.