டவுன்காரி என்று கூப்பிட்டால் வரமாட்டேன்

கொல்லிமலைக்கு வாக்கப்பட்டு வந்த நாள் முதல் என்னைக் கோட்டைக்காரி என்றுதான் கூப்பிடுகிறார்கள். மலையில் சில ஊர்கள் சேர்ந்தால் அது ஒரு நாடு. எங்கள் வளப்பூர் நாட்டில் மருமகளுக்குப் பிறந்த ஊர்தான் பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் ரேஷன் கார்டோடு சரி.

என் ஊர் கீழே, ஆற்றங்கரைக் கோட்டை. கட்டியது யார் என்று கேட்டால் ஆளுக்கொரு ராஜாவைச் சொல்வார்கள். எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள் நான், எந்த ராஜா என்று எனக்குத் தெரியாது. மதில் எங்கே போனது என்று தெரியும். அதைப் பேர்த்த கல்லில்தான் ஆற்றுக்குப் பாலம் போட்டார்கள். அந்தப் பாலத்தின் வழியாகத்தான் அக்கரை டவுன் எங்கள் ஊருக்குள் வந்தது. அகழியைத் தூர்த்து பஸ் ஸ்டாண்டு கட்டியது. அப்புறமும் நாங்கள் டவுனுக்குப் போனால் "வெளிய போறேன்" என்போம். திரும்பினால் "உள்ள வந்துட்டேன்" என்போம். மதில்தான் இருக்காது.

போன வருஷம் தம்பி போன் செய்தான். ஊரை மாநகராட்சியோடு சேர்த்துவிட்டார்களாம். ஊர்ப்பெயர் போர்டைக் கழற்றிவிட்டு வார்டு நம்பரை மாட்டிவிட்டார்களாம். கொண்டை ஊசி வளைவில் பஸ் திரும்பும்போதெல்லாம் டிரைவர் கண் மூடுகிறாரா என்று கண்ணாடியையே பார்த்து வருகிறவள் நான். இதற்குக் கவலைப்படாமல் இருப்பேனா? இனி என்னை என்னவென்று கூப்பிடுவார்கள்?

பயந்தது நடந்தது. கோயில் பொங்கலன்று பெண்கள் பந்தியில் என் வீட்டுக்காரரின் அக்கா, நான் நங்கை என்று கூப்பிடுகிறவர், குரல் கொடுத்தார்.

"ஏ டவுன்காரி, எலை போட்டாச்சு. வா கண்ணு."

எல்லோரும் சிரித்தார்கள். நான் அடுப்புப் பக்கத்திலேயே நின்றேன்.

"ஏனுங்க டவுன்காரீங்க, காது கேக்கலீங்களா? கூட்டியார மாநகராட்சியில இருந்து காரு வரணுமாக்கும்?"

"டவுன்காரின்னு இங்க யாரும் இல்லீங்க, நங்கை."

"அட, உன்ற ஊருதான் போயிருச்சாமே!"

"போர்டுதான் போச்சு. ஊரு ஆத்தோரமா அங்கயேதான் கெடக்குது. எங்க கல்லப் பேத்துப் பாலம் போட்டவன் பேர என்ற தலையில கட்டாதீங்க. நாளைக்கு வளப்பூர அடிவாரத்து டவுனோட சேத்தா நீங்க என்ன சொல்லிக்குவீங்க?"

"இது நாடு. மலைய எவன் சேப்பான் புள்ள?"

"அப்படித்தானுங்க நாங்களும் சொன்னோம். மதில் இருக்குது, எவன் உள்ள வருவான்னு."

சிரிப்பு நின்றது. நங்கை கோபித்துக்கொண்டால் மாதக்கணக்கில் பேசமாட்டார். ஆனாலும் காலை எடுத்து வைக்கவில்லை. பட்டினியாக வீடு போய்ச் சேர்ந்தாலும் சரி.

நங்கை என் இலையில் சாமைச் சோற்றைப் பொத்தென்று போட்டார். நிமிராமலே கத்தினார்.

"ஏ கோட்டைக்காரி! உன்ற கோட்டை இடியறதுக்குள்ள வந்து உக்காரு. சோறு ஆறுது!"

போய் உட்கார்ந்தேன். சோறு ஆறித்தான் போயிருந்தது. இரண்டாம் தரமும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.