தாலாட்டுக்கு எதற்கு அக்கார்டியன்?

சின்ன வயதிலிருந்து தலையில் வைத்துக் கொண்டாடிய ஹீரோ பக்கத்தில் வந்து உட்கார்ந்தால் என்ன சொல்வீர்கள்? நான் போன மாதம், 'கொஞ்சம் குறைச்சு வாசிங்க' என்றேன்.

ஹீரோவின் பெயர் காதர் பாய். கோயமுத்தூர் கோட்டைமேட்டில் குடைக்கடை. கடையைச் சாத்தினால் அக்கார்டியன். பத்து வயதில், அவிநாசித் தேர்க் கச்சேரியில் அவர் வாசித்ததைக் கேட்டுவிட்டு, ஒரு வாரம் தலையணையை நெஞ்சில் கட்டி அமுக்கிக்கொண்டே திரிந்தவன் நான்.

அப்பேர்ப்பட்டவர், நான் கீபோர்டு வாசிக்கும் ஆர்கெஸ்ட்ராவுக்கு வந்தார். சத்தியமங்கலத்தில் கச்சேரி. நாங்களே மெட்டுப் போட்ட ஐந்து பாட்டு. எங்கே எந்த வாத்தியம் என்று நானும் அவரும் சேர்ந்து எழுத வேண்டும். எனக்குச் சோறே இறங்கவில்லை!

உட்கார்ந்தோம். முதல் பாட்டில் அக்கார்டியன். இரண்டாவதிலும் அக்கார்டியன். பாடகி மூச்சு விட்டால் அந்த இடைவெளியிலும் அக்கார்டியன்! நான்கு பாட்டுக்குத் தலையாட்டினேன். ஐந்தாவது, தாலாட்டு. அதிலும் பாய்க்கு ஒரு முழுத் தனி ஆவர்த்தனம்...

பொறுக்கவில்லை.

"பாய், இது தாலாட்டுங்க. நீங்க இப்படி வாசிச்சா, தூங்கற கொழந்தை எந்திரிச்சு பஸ் ஏறிப் போயிருமுங்க!"

சொன்ன பிறகுதான் உறைத்தது. வயலின்காரர்கள் மூன்று பேரும் ஒரே நேரத்தில் வில்லைத் துடைக்க ஆரம்பித்தார்கள். பாய் தாலாட்டு எழுதிய தாளை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். "வாரனுங்க தம்பி." போய்விட்டார்.

இனி வரமாட்டார் என்றே நினைத்தேன். மன்னிப்பை நான்கு விதமாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டு மறுநாள் போனால்... எனக்கு முன்பே வந்திருந்தார்! தாளை நீட்டினார். அக்கார்டியனுக்குக் கடைசியில் ஒரே ஒரு நீண்ட சுரம். அவ்வளவுதான். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

பிறகுதான் என் கீபோர்டு வரியைப் பார்த்தேன். முதலிலிருந்து கடைசி வரை 'வாசிக்காதே' என்ற குறி.

"பாய்... எனக்கு ஒண்ணுமே இல்லீங்களே?"

"ஊட்ல பாடிப் பாத்தனுங்க தம்பி. நீங்க சொன்னது நெசந்தான். என்ற பெட்டிக்கே கொழந்தை எந்திரிக்குதுன்னா, உங்க மிஷினுக்குத் தெருவே எந்திரிச்சுருமுங்களே!"

சிங்கப்பூரிலிருந்து வரவழைத்த கீபோர்டு சார் அது! மிஷினாம்.

ஞாயிற்றுக்கிழமை டி.வி. படத்தையும் விட்டுவிட்டுக் கச்சேரிக்கு வந்திருந்தது கூட்டம். தாலாட்டு ஆரம்பித்தது. வயலின், புல்லாங்குழல், குரல். அத்தனை பேர் முன்னால் நான் கையைக் கட்டிக்கொண்டு பொம்மை மாதிரி உட்கார்ந்திருந்தேன். கீழே ஓர் இருமல்கூட இல்லை. முடிவில் பாயின் அந்த ஒற்றைச் சுரம் மெல்ல எழுந்து அடங்கியபோது... என்னத்தைச் சொல்ல! இரண்டு பேரும் சேர்ந்து எழுதியதில் அதுதான் உருப்படி. ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

முன்வரிசையில் இருந்த என் மனைவி, பஸ்ஸில் ஏறியதும் சொன்னாள்:

"ஏனுங்க, இன்னிக்கு நீங்க வாசிச்சதுலயே அந்தத் தாலாட்டுத்தானுங்க பிரமாதம்!"